முதலில் கடல், பிறகு ஒளி: ஜெஜு தீவில் ஆர்ட்டே மியூசியம்

தென் கொரியாவின் ஜெஜு தீவுக்குப் போகிறவர்களில் பலர் விமான நிலையத்தில் இறங்கிய கையோடு, சுவரெங்கும் ஒளிக்காட்சிகளை ஓடவிடும் ஆர்ட்டே மியூசியத்துக்குப் போய்விடுகிறார்கள். காரில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. மழை, வெயில் பற்றிய கவலை இல்லை. படங்களும் அழகாக விழும். அவர்கள் சொல்லும் காரணங்கள் நியாயமானவைதான். ஆனாலும் என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அதைப் பயணத்தின் கடைசி நாளுக்குத் தள்ளி வையுங்கள். தீவின் காற்றை முகத்தில் வாங்கி, கறுப்புக் கல் வேலிகளின் ஓரமாக நடந்து, கடலில் மூழ்கி எழும் பெண்களைக் கண்ணால் பார்த்த பிறகு அந்த இருட்டு அறைகளுக்குள் நுழைந்தால், அங்கே ஓடும் ஒளி வேறு விதமாகப் பேசுகிறது. அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு வசந்த காலத்தில் போய்வந்தபோது நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான்.

அந்த இடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். சியோலைச் சேர்ந்த டிஸ்ட்ரிக்ட் என்ற நிறுவனம் 2020ஆம் ஆண்டு அந்நகரின் கங்நாம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மூலைத் திரையில், கண்ணாடிப் பெட்டிக்குள் கடல் அலை மோதிப் புரள்வதுபோன்ற ஒரு காட்சியை ஓடவிட்டது. அந்த வீடியோவைக் கைபேசியில் பார்க்காதவர்கள் குறைவு. அதே ஆண்டு அதே நிறுவனம் ஜெஜுவின் மேற்குப் பகுதியான ஏவோலில், ஒலிபெருக்கி தயாரித்துவந்த பழைய தொழிற்சாலை ஒன்றை எடுத்து, இயற்கையைக் கருப்பொருளாகக் கொண்ட ஒளிக் கூடமாக மாற்றியது. பின்னால் யோசு, கங்நுங், புசான் எனக் கொரிய ஊர்களிலும் வெளிநாடுகளிலும் கிளைகள் வந்தன. முதலில் திறக்கப்பட்டது ஜெஜுதான்.

தொழிற்சாலையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது உள்ளே நுழைந்ததும் புரிந்துவிடுகிறது. இந்த வகைக் கண்காட்சிக்கு மூன்று விஷயங்கள் வேண்டும்: உயரமான கூரை, குறுக்கே தூண் இல்லாத அகலம், வெளிச்சம் கசியாத சுவர். படம் பெரிதாக விழ வேண்டுமென்றால் புரொஜெக்டருக்கும் சுவருக்கும் இடையே தூரம் இருந்தாக வேண்டும். ஏவோல் கட்டடத்தில் கூரை சுமார் பத்து மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தீவின் கிழக்கே சொங்சான் பக்கம் இருக்கும் இன்னொரு ஒளிக் கூடமும் இப்படிப்பட்டதுதான். கடலுக்கடியில் போகும் தகவல் தொடர்புக் கேபிள்களைப் பாதுகாப்பதற்காக, வெளியிலிருந்து பார்த்தால் மண்மேடுபோலத் தெரியும்படி கட்டிய கான்கிரீட் பதுங்கிடம் அது. 2018இல் அதைத் திறந்து, கிளிம்ட் போன்ற ஐரோப்பிய ஓவியர்களின் படைப்புகளைச் சுவரெங்கும் ஓடவிட்டார்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது, தீவைப் பற்றியதும் வேண்டும் என்றால் ஏவோலைத் தேர்ந்தெடுங்கள்.

இனி, அங்கே போவதற்கு முன் பார்க்க வேண்டியவை.

அம்மா பிறந்து வளர்ந்தது ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூழ்கும் பெண்கள். ஜெஜுவில் ஹேன்யோ என்று அழைக்கப்படும் முத்துக்குளிப்பாளர் போன்ற பெண்கள் இருக்கிறார்கள் என்று நான் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “அங்கேயும் ஆண்கள் கரையில்தான் நிற்கிறார்களா?” என்பது. இந்தப் பெண்கள் எடுப்பது முத்து அல்ல. சங்கு, அபலோன் என்னும் ஒற்றை ஓட்டுச் சிப்பி, கடல் முள்ளெலி, கடற்பாசி ஆகியவை. ஆக்சிஜன் உருளை கிடையாது. பத்து மீட்டர் ஆழம் வரை ஒற்றை மூச்சில் போய்த் திரும்புகிறார்கள். 2016இல் யுனெஸ்கோ இவர்களுடைய பண்பாட்டை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்று கடலில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் அறுபது வயதைத் தாண்டியவர்கள்.

கிழக்குக் கரையில் ஹாதோரி என்ற ஊரில் இவர்களுக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அரை நாளை ஒதுக்குங்கள். ரப்பர் உடை வருவதற்கு முன் அணிந்த மெல்லிய பருத்தி உடையை அங்கே கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். குளிர்காலக் கடலில் அந்தத் துணியோடு இறங்கினார்கள் என்பதை நம்பவே கொஞ்ச நேரம் பிடிக்கிறது. பக்கத்தில் தெவாக் என்னும் மிதவை. மூழ்கி எழுந்ததும் மார்பைச் சாய்த்து இளைப்பாற உதவுவது அதுதான். பிடித்ததைப் போடும் வலை அதன் அடியில் தொங்கும். இன்று செயற்கை நுரையில் செய்து ஆரஞ்சு நிறத் துணி சுற்றுகிறார்கள். அன்று உலர்ந்த குடுக்கையில் செய்திருக்கிறார்கள். அம்மா அதன் முன்னால் நின்றுவிட்டார். “நான் நீச்சல் பழகிய சுரைக்குடுக்கை” என்றார். அந்த அறையில் வேறு எந்த விளக்கப் பலகையும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

இதே வட்டாரத்து ஹேன்யோக்கள் 1932இல் ஜப்பானிய ஆட்சியின் சுரண்டலை எதிர்த்துத் திரண்டவர்கள். அதற்கான நினைவுத்தூண் அருங்காட்சியகத்தை ஒட்டியே நிற்கிறது. சுற்றுலாப் படங்களில் வரும் சிரித்த முகப் பாட்டிகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு திரும்பிவிடாமல் இருக்க, அந்தத் தூணின் பக்கமும் போய்வாருங்கள்.

அங்கிருந்து கிளம்பி, சொங்சான் இல்ச்சுல்போங் என்னும் எரிமலைக் குன்றின் அடிவாரத்துக்குப் போனோம். பிற்பகலில், கடல் இடம் கொடுத்தால், ஹேன்யோக்கள் அங்கே பாடிவிட்டு நீரில் இறங்கிக் காட்டுவார்கள். பார்வையாளர்களுக்காக நடத்துவது என்பதால் அதை அலட்சியப்படுத்த வேண்டாம். மேலே வந்ததும் அடக்கிவைத்த மூச்சை வெளியே விடும்போது ஒரு சீழ்க்கைச் சத்தம் எழுகிறது. மெல்லியது, கூர்மையானது, அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது. அதற்கு சும்பிசோரி என்று பெயர். ஒவ்வொருவருடைய சத்தமும் தனி. கரையில் நிற்கும்போது முகத்தில் அடித்த காற்றும் அந்தச் சீழ்க்கையும்தான் ஏவோலில் எனக்குத் துணையாக வந்தன.

இன்னும் ஓரிடம் உண்டு. மனம் கனக்கும் இடம், ஆனால் தவிர்க்கக் கூடாதது: ஜெஜு 4.3 (ஏப்ரல் 3) அமைதிப் பூங்கா. 1947 முதல் 1954 வரை இந்தத் தீவில் நடந்த கிளர்ச்சியிலும் அதை அடக்க அரசுப் படைகள் நடத்திய கொலைகளிலும் 25,000 முதல் 30,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. தீவின் மக்கள் தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. பல பத்தாண்டுகள் அதைப் பற்றி வாய் திறக்கவே முடியாதிருந்தது. 2003இல்தான் அதிபர் ரோ மூ ஹியூன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். இறந்தவர்களின் நினைவுச் சின்னமாகத் தீவு மக்கள் வைத்திருப்பது சிவப்புக் கமேலியா பூ. அந்தப் பூ இதழ் இதழாக உதிர்வதில்லை. காம்பிலிருந்து முழுப் பூவாகக் கழன்று விழுகிறது. பூங்காவில் அந்தப் பூ வடிவ பேட்ஜை மகள் சட்டையில் குத்திக்கொண்டாள்.

இத்தனைக்கும் பிறகுதான் ஏவோலுக்குப் போனோம். தொடக்கத்திலேயே பூக்களின் அறை. நாங்கள் பார்த்தபோது சுவரெங்கும், கண்ணாடிகளால் முடிவில்லாமல் பெருகி, கமேலியா பூத்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் வந்தவர்கள் கைகளை விரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் என் கையை இழுத்து, “அம்மா, பேட்ஜில் இருந்த பூ” என்றாள். அறையில் எங்கும் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதி நாங்கள் காணவில்லை. எழுதத்தான் வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் தெரிந்துகொண்டு போன பிள்ளைக்கு அந்தச் சிவப்பு வெறும் அலங்காரமாகத் தோன்றவில்லை. தீவைச் சுற்றிவிட்டு வாருங்கள் என்று நான் வற்புறுத்துவதன் காரணம் இந்த ஒரு நிமிடம்தான்.

அடுத்தடுத்து நடக்கும்போது அருவி, கடற்கரை, தொங்கும் விளக்குகள் நிறைந்த கண்ணாடி அறை என்று வருகின்றன. எல்லாவற்றையும் நான் விவரிக்கப் போவதில்லை. விளக்கு அறை கண்ணுக்கு விருந்து. அதற்கு மேல் எனக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. கடற்கரை அறை வேறு. இருட்டில் நீலமும் வெள்ளையுமாக அலை எழுந்து தரையெங்கும் பரவிக் காலடி வரை வந்து திரும்புகிறது. அது நெருங்கும்போது எல்லோருமே ஓர் அடி பின்வாங்குகிறார்கள், நானும்தான். அம்மா அன்று கட்டியிருந்தது வெளிர் நிறப் பருத்திச் சேலை. நுரைக்கோடு தரையிலிருந்து அவருடைய கொசுவத்தில் ஏறி, மடிப்புக்கு மடிப்பு உடைந்து, முழங்கால் அருகே கரைந்து இறங்கியது. அலை போனதும் சேலை வெறும் சேலையாக நின்றது. அடுத்த அலையில் மறுபடி நுரை. குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் சற்றுப் பொறுத்து, “அலை வருகிறது, காற்று வரவில்லையே” என்றார்.

அம்மா அதைக் குறையாகச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். கடலைத் தெரிந்தவர் ஒன்றைக் கவனித்துச் சொன்னார், அவ்வளவுதான். ஜெஜுவில் நிறைந்திருப்பவை மூன்று என்பார்கள்: கல், காற்று, பெண்கள். ஒளியால் கல்லைக் காட்ட முடிகிறது; மூழ்கும் பெண்ணையும் காட்ட முடிகிறது. காற்றை மட்டும் நாம்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. கிழக்குக் கரையில் அதை முகத்தில் வாங்கியவர்களுக்கு அந்த அறையில் எது இருக்கிறது, எது இல்லை என்று இரண்டும் தெரிகின்றன. வாங்காதவர்களுக்கு அது அழகான நீல விளக்கோடு நின்றுவிடுகிறது.

நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் தோட்டம் என்று பெயரிட்ட பெரிய கூடம். இங்கே ஜெஜுவையே முழு நீளக் காட்சியாகச் சுவர்களிலும் தரையிலும் ஓடவிடுகிறார்கள்: ஹல்லாசான் மலை, வயல்களைப் பிரிக்கும் கறுப்பு எரிமலைக் கல் வேலிகள், கடுகுப்பூவைப் போன்ற மஞ்சள் பூ வயல்கள், கடலடி, மூழ்கும் பெண்கள். அது முடிந்ததும் ஐரோப்பிய ஓவியங்கள் வருகின்றன. பிறகு திரும்பவும் தீவு. பெரும்பாலோர் நடுவில் நுழைந்து, நல்ல படம் கிடைத்ததும் வெளியேறிவிடுகிறார்கள். நீங்கள் உட்காருங்கள். சுவர் ஓரமாக, தரையிலேயே உட்காருவது நல்லது. நுழைந்தபோது பார்த்த காட்சி திரும்ப வரும் வரை இருங்கள். பனி மூடிய மலையை நாங்கள் நேரில் பார்க்கவில்லை. வந்த பருவம் வேறு. அந்தக் கூடத்தில்தான் குளிர்காலத்தை ஒரே மூச்சில் பார்த்து, அது உருகி மஞ்சள் வயலாவதையும் பார்த்தோம். நேரில் போனவர்களுக்கும் கிடைக்காத ஒன்றை ஒளி தருகிறது என்றால், அது பருவங்களை இப்படி அடுத்தடுத்து வைத்துக் காட்டுவதுதான். இந்தக் கலைக்கு நான் தலை வணங்குவது இங்கேதான்.

உட்கார்ந்து பார்த்தால் வேலைப்பாடும் புலப்படும். அவ்வளவு பெரிய சுவரை ஒரே புரொஜெக்டரால் நிரப்ப முடியாது. பல புரொஜெக்டர்களின் படங்கள் ஓரத்தில் ஒன்றன் மேல் ஒன்று படும்படி வைத்து, படியும் பட்டையில் இரண்டின் பிரகாசத்தையும் படிப்படியாகக் குறைத்து, இணைப்பே தெரியாமல் செய்கிறார்கள். காட்சி இருளும் நொடிகளில் சுவரைக் கூர்ந்து பாருங்கள். முழுக் கறுப்பில் சில இடங்களில் மங்கலான செங்குத்துப் பட்டை தெரியும். மகளுக்கு அதைக் காட்டியதும் அதன் பிறகு கூரையில் புரொஜெக்டர்களைத் தேட ஆரம்பித்துவிட்டாள். பிள்ளைகளுக்கு இந்த ரகசியத்தைச் சொல்லிவிடுவதால் வியப்பு குறைவதில்லை.

வயதானவர்களோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை உண்டு. தரையும் சுவரும் ஒரே திசையில் நகரும்போது, உடம்பு நகர்கிறது என்று கண் சொல்லும். இல்லை என்று, சமநிலையை உணரும் காதின் உட்பகுதி சொல்லும். இரண்டுக்கும் ஒத்துப்போகாமல் தலை சுற்றும், சிலருக்குக் குமட்டும். அம்மாவுக்குக் கூடத்தின் நடுவில் அப்படி ஆனது. உடனே சுவர் ஓரமாக அழைத்துப்போய், முதுகைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, அசையாத ஒரு பொருளைப் பார்க்கச் சொன்னேன். வெளியேறும் வழியைக் காட்டும் பச்சை விளக்கு அதற்கு மிகவும் உதவியது, அது நகர்வதில்லை. சில நிமிடங்களில் சரியாகிவிட்டது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். ஒளி சிமிட்டினால் வலிப்பு வரும் பிரச்சினை உள்ளவர்கள் நுழைவதற்கு முன் பணியாளரிடம் கேட்டு, விரைவாக மினுங்கும் அறைகளைத் தவிர்த்துவிடலாம். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழையும் இடங்களில் வயதானவர்களின் கண் பழகுவதற்கு நம்மைவிட அதிக நேரம் தேவைப்படும். வாசலிலேயே கையைப் பிடித்து நிறுத்தி, பழகிய பிறகு நடக்கவையுங்கள். கண்ணாடிச் சுவர்கள் இருக்கும் அறைகளில் எது வழி, எது பிம்பம் என்று தெரியாமல் மோதிக்கொள்கிறார்கள். கையை முன்னே நீட்டியபடி நடப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உடையைப் பற்றி. வெள்ளை அல்லது வெளிர் நிறம் அணிந்தால் ஒளி உங்கள் மேலும் விழும். கறுப்பு அணிந்தால் படத்தில் தலை மட்டும் மிதக்கும். செருப்பு சத்தம் போடாததாகவும் வழுக்காததாகவும் இருக்கட்டும். உள்ளே அதிகம் குளிரவில்லை, ஆனால் வெளியே ஏவோல் காற்று கடுமையானது. தடித்த மேலாடையைக் கையில் சுமந்துகொண்டு இருட்டில் நடப்பது தொல்லை. எடுத்து மடித்து வைக்கும்படியான மெல்லிய காற்றுத் தடுப்பு உடை போதும்.

கைபேசியில் படம் எடுப்பவர்களுக்கு: ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அது மற்றவர்களின் கண்ணைக் கூசவைப்பதோடு சுவரின் படத்தையும் அழித்துவிடும். திரையில் பிரகாசமான பகுதியைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இழுத்த பிறகு எடுத்தால் நிறங்கள் வெளுக்காமல் வரும். இருட்டுக்கான தனி முறையை நம்ப வேண்டாம்; காட்சியும் மனிதர்களும் அசைவதால் எல்லாம் கலங்கிவிடும். வீடியோவில் கோடுகள் ஓடினால் நொடிக்கு 30 அல்லது 60 ஃபிரேம் என்று மாற்றிப் பாருங்கள். இதையெல்லாம் முதல் சுற்றில் செய்யாதீர்கள் என்பது என் வேண்டுகோள். ஒவ்வொரு அறையையும் முதலில் வெறுங்கண்ணால் பாருங்கள். பிறகு கைபேசியை எடுங்கள்.

பிள்ளைகள் விலங்குப் படத்துக்கு வண்ணம் தீட்டிக் கொடுத்தால் அதை ஸ்கேன் செய்து சுவரில் நடக்கவிடும் ஒரு பகுதி உண்டு. மகள் தீட்டிய விலங்கு சுவரைக் கடக்கும் வரை நகர மறுத்தாள். அதற்கென நேரம் ஒதுக்கிவிடுங்கள், அவசரப்படுத்தினால் அழுகை நிச்சயம். தேநீர்ப் பகுதியில் கோப்பையை மேஜையில் வைத்ததும் தேநீரின் மேல் ஒளிப்பூ ஒன்று விரிகிறது, எடுத்தால் சிதறிப்போகிறது. கட்டணம் கூடுதல். கால் ஓய்ந்த அம்மாவுக்கு உட்கார நாற்காலி கிடைத்ததே எனக்குப் பெரிதாக இருந்தது, அதனால் அந்தப் பணம் எனக்கு வீணாகத் தோன்றவில்லை.

போக்குவரத்துதான் பலர் தடுமாறும் இடம். கொரியாவில் வழி காட்ட நேவர் மேப் அல்லது காகாவ் மேப் என்ற கொரிய வரைபடச் செயலியைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கூகுள் வரைபடம் அங்கே முழுமையாகக் கைகொடுப்பதில்லை. போக வேண்டிய இடங்களின் பெயர்களைக் கொரிய எழுத்தில் கைபேசியில் சேமித்துவையுங்கள், டாக்சி ஓட்டுநரிடம் காட்டினால் போதும். பஸ்ஸுக்கு, பணம் ஏற்றிப் பயன்படுத்தும் டி-மணி அட்டை செல்லும். ஆனால் ஆர்ட்டே மியூசியம் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ்கள் அடிக்கடி வருவதில்லை, நிறுத்தத்திலிருந்து நடக்கவும் வேண்டும். வயதானவர்களோடு போனால் போகவர டாக்சி பேசிக்கொள்வது நல்லது. திரும்புவதற்கான டாக்சியை வெளியே வந்த பிறகு தேடாமல், தேநீர்ப் பகுதியில் உட்கார்ந்திருக்கும்போதே அழைத்துவிடுங்கள். மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே உள்ளே அனுமதிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்பதால் நேரத்தைப் புறப்படும் முன் சரிபார்த்துக்கொள்ளவும்.

மழை நாளில் தீவில் இருக்கும் அத்தனை பேரும் இங்கே வந்துவிடுகிறார்கள். ஆகவே வானம் தெளிவாக இருக்கும் வார நாளில், காலையில் திறந்ததும் போவது உத்தமம். தோட்டக் கூடத்தில் சுவர் ஓரம் உங்களுக்கே கிடைக்கும். உங்களிடம் இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால், முதல் நாள் கிழக்கே ஹாதோரியும் இல்ச்சுல்போங்கும், இரண்டாம் நாள் காலை அமைதிப் பூங்கா, பிற்பகல் ஏவோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொங்சானிலிருந்து ஏவோலுக்குத் தீவைக் குறுக்காகக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பதால், இரண்டையும் ஒரே பிற்பகலில் திணிக்க வேண்டாம். ஒரே நாள்தான் என்றால், ஏவோலை விட்டுவிட்டு ஹாதோரிக்குப் போங்கள். ஒளிக் கூடங்கள் வேறு ஊர்களிலும் இருக்கின்றன. அந்தச் சீழ்க்கையைக் கேட்பதற்குக் கடற்கரைக்குத்தான் போயாக வேண்டும்.